அடையாறு பையன் வழக்கு: யாரும் அவனிடம் கேட்கவில்லை

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. கட் ஆஃப், கவுன்சிலிங், ரிப்பீட்டர் பேட்ச்... எல்லா வீட்டுலயும் இப்போ இதே பேச்சுதான். இந்த நேரத்துல ஒரு பழைய கோர்ட் கேஸைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன். கொஞ்சம் நீளமான திரெட். பொறுமையா படிங்க 👇

அடையாறு பாலம் தாண்டிப் போறவங்க எல்லாருக்கும் பிரம்மஞான சபைத் தோட்டம் தெரியும். தியசாபிகல் சொசைட்டி. பெரிய ஆலமரம், ஆறு கடலில் சேரும் இடம், எலியட்ஸ் பீச் பக்கம் வரை நீளும் மரங்கள். ஸ்கூல் டூரில் போயிருப்பீங்க.

அந்தத் தோட்டத்துக்குள்ளதான் ஒரு பையனின் எதிர்காலத்தை மூன்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். மூன்று பேரும் சொன்னது ஒரே வார்த்தை: "எல்லாம் அவன் நல்லதுக்குத்தான்." கடைசியில் விஷயம் மெட்ராஸ் ஹைகோர்ட் போய், லண்டன் பிரிவி கவுன்சில் வரை போச்சு.

அந்தப் பையன் ஜே.கிருஷ்ணமூர்த்தி. உலகம் முழுக்கத் தெரிந்த ஜே.கே. இது அவருடைய தத்துவத்தைப் பற்றிய திரெட் இல்லை. அவர் 14 வயசுப் பையனா இருந்தப்போ நடந்ததைப் பற்றியது.

கிருஷ்ணா பிறந்தது 1895ல், மதனப்பள்ளியில். தெலுங்குக் குடும்பம், எட்டாவது குழந்தை. அப்பா ஜிட்டு நாராயணய்யா, ஆங்கிலேய அரசின் வருவாய்த் துறையில் வேலை. அம்மா சஞ்சீவம்மா 1905ல் இறந்துட்டாங்க. அப்போ கிருஷ்ணாவுக்கு வயசு பத்து.

சின்ன வயசிலேயே மலேரியா. காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்ததால பள்ளிக்கூடமே ஒழுங்கா போக முடியல. வாய் பேசாம எங்கேயோ வெறிச்சுப் பார்த்துட்டு நிக்கிற பையன். வாத்தியார்கள் பார்வையில் "மக்கு".

டாக்டரா ஒரு விஷயம் சொல்றேன். அடிக்கடி மலேரியா வந்த குழந்தைக்கு ரத்தசோகை வரும், சோர்வு வரும், கவனம் நிக்காது. கூடவே அம்மாவைப் பறிகொடுத்த துக்கம். இப்படி ஒரு பிள்ளை வகுப்பில் வெறிச்சுப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா, அதை மந்தபுத்தின்னு எடுத்துக்க எந்த அவசியமும் இல்லை.

நாராயணய்யா 1907ல் ஓய்வு பெற்றார். பென்ஷன் கைக்கும் வாய்க்கும்தான் காணும். பழைய பிரம்மஞான சபை உறுப்பினர் என்பதால், அடையாறில் ஏதாவது வேலை கொடுங்கன்னு அன்னி பெசன்ட்டுக்கு எழுதிக் கேட்டுட்டே இருந்தார். 1909 ஜனவரியில் வேலை கிடைச்சுது. பிள்ளைகளோடு வந்து, சபை எல்லைக்கு வெளியே ஒரு பழைய வீட்டில் குடியேறினார்.

மூத்தவர் சிவராமுக்கு டாக்டராகணும்னு ஆசை. அடுத்து கிருஷ்ணா. அவனுக்குக் கீழே நித்யானந்தா, வீட்டில் நித்யா. நித்யா படு சூட்டிகை. கிருஷ்ணா நேரெதிர். மயிலாப்பூர் பள்ளிக்குத் தினமும் மைல் கணக்கில் நடந்து போய், அங்கே பிரம்படி வாங்கிட்டு வருவான்.

அந்த வருஷம்தான் சார்லஸ் லெட்பீட்டர் என்ற ஆங்கிலேயர் சபைக் கடற்கரையில் இந்தப் பையனைப் பார்க்கிறார். லெட்பீட்டர் சபையின் முக்கியப் பேச்சாளர், தனக்கு ஞானதிருஷ்டி உண்டு என்று சொன்னவர். "இந்தப் பையனைச் சுற்றியிருக்கும் ஒளியில் துளி சுயநலம்கூட இல்லை. இவன் உடம்பில்தான் உலக ஆசான் இறங்கப் போகிறார்" என்பது அவர் முடிவு. அதாவது ஜகத்குரு போஸ்ட். வேகன்சியும் இவரே அறிவிச்சு, செலக்‌ஷனும் இவரே முடிச்சுட்டார்.

சிரிக்கலாம். ஆனா ஒரு நிமிஷம். "என் பையன் கையெழுத்தைப் பார்த்தப்பவே தெரியும் சார், இவன் டாக்டர்தான்" என்று எல்.கே.ஜி. பிள்ளையை வெச்சுக்கிட்டுச் சொல்ற அப்பாக்களை நாம தினமும் பார்க்கிறோம். ஞானதிருஷ்டி எல்லா ஊர்லயும்தான் இருக்கு.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு கிளைக்கதை உண்டு. கிருஷ்ணாவுக்கு முன்னாடியே அந்த இடத்துக்கு லெட்பீட்டர் வேறொரு பையனைத் தேர்ந்தெடுத்திருந்தார். சிகாகோவைச் சேர்ந்த ஹூபர்ட் வான் ஹூக். அப்பா வெல்லர் வான் ஹூக் ஒரு சர்ஜன். (ஆமா, டாக்டர் வீட்டுப் பிள்ளை!) அம்மா மகனைக் கூட்டிக்கிட்டு 1909 கடைசியில் கப்பலேறி அடையாறு வந்து சேர்றாங்க.

வந்து பார்த்தா சீட் ஏற்கெனவே வேறொருத்தனுக்குப் போயாச்சு.

அம்மாவும் பையனும் அதுக்கப்புறமும் சில வருஷம் அடையாறிலேயே இருந்தாங்க. ஹூபர்ட் பின்னாளில் அமெரிக்கா திரும்பி வக்கீலானார். அந்தக் கசப்பு அவருக்குக் கடைசிவரை போகவில்லை என்று கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஹூபர்ட்டை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி வர்றேன்.

இப்போ கிருஷ்ணாவும் நித்யாவும் என்ன ஆனாங்கன்னு பார்ப்போம்.

பள்ளியிலிருந்து நிறுத்தினாங்க. சபைக்குள்ளேயே டைம்டேபிள் போட்டு வளர்த்தாங்க. ஆங்கிலப் பாடம், நீச்சல், சைக்கிள், டென்னிஸ். என்ன சாப்பிடணும், எப்படிக் குளிக்கணும், எப்படி நடக்கணும், யாரோடு பழகலாம்... எல்லாத்துக்கும் விதி. இன்னைக்கு இருக்கிற ரெசிடென்ஷியல் கோச்சிங்கில் சேர்த்த மாதிரி.

நியாயமாச் சொல்லணும்னா, உடம்பு தேறிச்சு. அடி நின்னுச்சு. சாப்பாடு ஒழுங்கா கிடைச்சுது. 1909 நவம்பரில் அடையாறு திரும்பிய அன்னி பெசன்ட் அந்தப் பையன்கள் மேல் உண்மையிலேயே உயிரை வெச்சிருந்தாங்க. கிருஷ்ணா அவங்களை அம்மாவா ஏத்துக்கிட்டான். அந்தப் பாசம் பெசன்ட் 1933ல் அடையாறில் கண்மூடும் வரை மாறவே இல்லை.

இந்தக் கதையில் வில்லனைத் தேடாதீங்கன்னு இப்பவே சொல்லிடறேன். பிள்ளைகளைக் கட்டிப்போடும் பெரும்பாலான பெற்றோருக்குப் பாசத்தில் குறை இருக்காது. பாசம் இருக்கிறதால தாங்க செய்யறது சரியா தப்பான்னு அவங்களுக்கே தெரியாமப் போயிடுது.

1910 மார்ச் 6. நாராயணய்யா ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, இரண்டு பிள்ளைகளின் காப்பாளர் பொறுப்பை அன்னி பெசன்ட்டுக்குக் கொடுத்தார். பதிலுக்கு என்ன? இங்கிலாந்தில் படிப்பு, ஆக்ஸ்போர்டு.

மனைவியை இழந்த, சொற்பப் பென்ஷனில் குடும்பம் ஓட்டும் ஒரு அப்பா. "மக்கு" என்று பட்டம் வாங்கிய பையனுக்கு ஆக்ஸ்போர்டு என்று ஒருத்தர் சொன்னா கையெழுத்துப் போட மாட்டாரா? நானா இருந்தாலும் போட்டிருப்பேனோ என்னவோ.

அந்தக் கடிதத்தில் பையன்களின் சம்மதம் என்று ஒரு வரி தேவைன்னு யாருக்கும் தோணல. அந்தக் காலத்தில் தோணவும் தோணாது.

1911ல் "கீழ்வானத்து நட்சத்திர சங்கம்" என்று ஓர் அமைப்பு. 15 வயசு கிருஷ்ணா அதன் தலைவர். அந்த வருஷம் டிசம்பர் 28 அன்று காசியில், படித்த பெரிய மனிதர்கள் வரிசையில் வந்து அந்தப் பையன் காலில் விழுந்தார்கள். பதினாறு வயசில் ஒரு பையன் இதை எப்படி எடுத்துக்குவான்? "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்ல எந்த இடத்தில் வாய்ப்பு இருந்தது?

நாராயணய்யாவுக்குப் பயம் வந்துடுச்சு. பிள்ளைகள் கையை விட்டுப் போயாச்சு. லெட்பீட்டர் மேல் ஏற்கெனவே 1906ல் ஒரு சர்ச்சை எழுந்து அவர் சபையை விட்டு விலகி, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டவர். அவர் பக்கத்தில் என் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்றார் அப்பா. பெசன்ட் 1912ல் இருவரையும் இங்கிலாந்து கூட்டிட்டுப் போய் அங்கேயே விட்டுட்டு வந்தாங்க. அப்பா 1912 அக்டோபரில் கேஸ் போட்டார். செங்கல்பட்டு மாவட்ட கோர்ட்டில் தொடங்கி ஹைகோர்ட்டுக்கு மாறியது.

மெட்ராஸே பரபரத்த கேஸ் அது. அப்பா தரப்பில் சி.பி.ராமசாமி ஐயர். எதிர்த்தரப்பில் அன்னி பெசன்ட், வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார்.

இந்த இடத்தில் பெசன்ட்டின் பழைய கதையைச் சொல்லணும்.

1877ல் இங்கிலாந்தில், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டதுக்காக பெசன்ட் மேல் வழக்கு நடந்தது. அதைத் தொடர்ந்து 1878ல், இப்படிப்பட்ட கருத்துள்ள, கடவுள் மறுப்புப் பேசும் பெண்ணிடம் பெண் குழந்தை வளரக் கூடாது என்று சொல்லி, அவருடைய மகள் மேபலைக் கோர்ட் பிரித்து அப்பாவிடம் கொடுத்தது. மகளுக்கு நல்லதுன்னுதான் நீதிபதியும் சொன்னார்.

வயது வந்த பிறகு பெசன்ட்டின் மகனும் மகளும் தாங்களாகவே அம்மாவைத் தேடி வந்தார்கள். கோர்ட் பிரித்த பிள்ளைகள், சொந்த முடிவு எடுக்கும் வயதில் அம்மாவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த வலி தெரிந்த அதே பெண்தான் 35 வருஷம் கழித்து, இன்னொருவரின் பிள்ளைகளுக்காக மெட்ராஸ் கோர்ட்டில் நிற்கிறார். பிள்ளைகளைப் பிரிக்கப்பட்ட தாய், பிள்ளைகளைக் கேட்கும் தகப்பன். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது, இரண்டு பேருக்கும் காயமும் இருந்தது.

1913 ஏப்ரல் 15. நீதிபதி பேக்வெல் தீர்ப்பு. லெட்பீட்டர் மேல் அப்பா வைத்த மிகக் கடுமையான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றார். ஆனாலும் சிறுவர்களை ஒப்படைக்க அவர் தகுந்தவர் அல்ல என்றும் சொன்னார். பிள்ளைகளை மே மாதத்துக்குள் அப்பாவிடம் சேர்க்கச் சொன்னார். பெசன்ட் அப்பீல். அக்டோபரில் தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், நீதிபதி ஓல்ட்ஃபீல்டு பெஞ்ச் அதைத் தள்ளுபடி செய்தது. அடுத்து லண்டன், பிரிவி கவுன்சில்.

1914 மே மாதம் பிரிவி கவுன்சில் மெட்ராஸ் தீர்ப்புகளை ரத்து செய்தது. பையன்கள் இங்கிலாந்தில் இருக்கும்போது செங்கல்பட்டு கோர்ட்டுக்கு இதை விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்பது சட்டப்படியான ஒரு காரணம். இன்னொன்றும் சொன்னார்கள்.

அந்தப் பையன்களின் விருப்பம் என்ன என்று கேட்கவே இல்லை. அவர்கள் சார்பில் பேச கோர்ட்டில் ஒருத்தரும் இல்லை.

இதைத் திரும்பப் படிங்க. பிள்ளைகளின் வாழ்க்கையைப் பற்றிய கேஸ். இரண்டு கோர்ட், மூன்று நீதிபதிகள், நாட்டின் பெரிய மூளைகள், பக்கம் பக்கமா வாதம். பையன்களைத் தவிர எல்லாரும் பேசியிருக்காங்க.

இத்தனைக்கும் சட்டத்தில் அப்பவே இடம் இருந்தது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம், பிரிவு 17(3): அறிவோடு விருப்பம் சொல்லும் வயது குழந்தைக்கு இருந்தால், அந்த விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். இன்னைக்கும் அமலில் இருக்கும் சட்டம்.

பிரிவி கவுன்சில் இன்னொரு கொள்கையையும் உறுதி செய்தது. பிள்ளை மேல் அப்பாவுக்கு இருப்பது நம்பி ஒப்படைக்கப்பட்ட ஒரு பொறுப்பு. அதைத் திரும்பப் பெற முடியாதபடி இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க அப்பாவுக்கே அதிகாரம் கிடையாது. வீட்டுப் பத்திரம் மாதிரி பிள்ளையைக் கைமாற்ற முடியாது. இந்திய கோர்ட்டுகள் பிற்காலத்திலும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு இது.

சரி, பெசன்ட் ஜெயிச்சாச்சு. ஆக்ஸ்போர்டு என்ன ஆச்சு?

ஆக்ஸ்போர்டு சேர்த்துக்கொள்ளவில்லை. ஜகத்குருன்னு பேப்பரில் வந்த, கோர்ட்டில் அடிபட்ட பையன் எங்களுக்கு வேண்டாம் என்று கதவைச் சாத்திட்டாங்க. லண்டன் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் எழுதினார். ஃபெயில். திரும்ப எழுதினார். ஃபெயில். மறுபடியும் ஃபெயில். ரிப்பீட்டர் பேட்ச் கதைதான்.

நித்யா பாஸ் பண்ணி, சட்டம் படித்து முடித்தார். அவருக்கு 1921ல் காசநோய் தெரியவந்தது. அன்னைக்கு காசநோய்க்கு மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிச்சதே 1943ல்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு, இவ்வளவுதான் சிகிச்சை. 1922ல் கலிபோர்னியாவில் ஓஹாய் என்ற பள்ளத்தாக்குக்கு அண்ணன், தம்பி போனதே அந்தக் காற்றுக்காகத்தான்.

ஆனா ஓய்வு எங்கே கிடைச்சுது? அண்ணன் ஜகத்குரு, தம்பி அவருக்கு வலதுகை. கண்டம் விட்டுக் கண்டம் கப்பல் பயணம், மாநாடு, கூட்டம். ரத்தம் கக்கும் நோயாளிக்கு இந்த அலைச்சல் ஆகாதுன்னு இன்னைக்கு ஹவுஸ் சர்ஜன்கூடச் சொல்வார்.

நித்யா வேண்டிய ஆள், அவர் உயிருக்கு ஆபத்து வராது என்று பெரியவர்கள் உறுதி சொல்லியிருந்தார்கள். கிருஷ்ணா அதை முழுசா நம்பினார். 1925 நவம்பரில், அடையாறில் நடக்கவிருந்த சபையின் பொன்விழாவுக்காகக் கப்பலில் வந்துகொண்டிருந்தார். நித்யா ஓஹாயில். சூயஸ் கால்வாய் பக்கம் வரும்போது தந்தி. நித்யா நவம்பர் 13 அன்று இறந்துவிட்டார். வயது 27.

கப்பலில் பல நாள் கிருஷ்ணா உடைந்து அழுதார் என்று கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதுவரை தனக்குச் சொல்லப்பட்ட எல்லாத்தையும் நம்பி நடந்த மனுஷனுக்குள்ள ஏதோ ஒண்ணு அங்கே விட்டுப்போச்சு.

1929 ஆகஸ்ட் 3. நெதர்லாந்தில் ஓம்மன் என்ற ஊர். ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள், எதிரே அன்னி பெசன்ட். கிருஷ்ணமூர்த்தி எழுந்து, தன்னை ஆசானாக்குவதற்காகவே தொடங்கிய சங்கத்தைக் கலைக்கிறேன் என்று அறிவித்தார். யாரும் யாரையும் உண்மைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போக முடியாது, எனக்குச் சீடர்கள் வேண்டாம் என்பது பேச்சின் சாரம். சங்கத்துக்கு வந்த கோட்டையையும் நிலத்தையும் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

34 வயசு. முதல் தடவையா அவர் வாழ்க்கையைப் பற்றி அவரே எடுத்த முடிவு.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. "பாருங்க சார், அப்படி வளர்த்ததாலதானே இவ்வளவு பெரிய ஆளானார்" என்று சிலர் சொல்வாங்க. நம்ம வீடுகளிலும் கேட்கிற டயலாக்தான். "எங்கப்பா பெல்ட்டால அடிச்சார், அதனாலதான் நான் இன்னைக்கு ஆபீசர்."

மருத்துவத்தில் இதை ஒத்துக்கவே மாட்டோம். ஒரு மருந்து சாப்பிட்டு பிழைச்சவரை மட்டும் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தா எல்லா மருந்தும் நல்ல மருந்துதான். அதே மருந்து சாப்பிட்ட மத்தவங்க என்ன ஆனாங்க? இப்போ ஹூபர்ட்டை நினைச்சுப் பாருங்க. நித்யாவை நினைச்சுப் பாருங்க. பிள்ளைகளைக் கொடுத்துட்டு கோர்ட் கோர்ட்டா அலைஞ்ச அப்பாவையும். ஜே.கே. பிழைச்சு வந்தவர். இன்னொருத்தர் அப்படி வருவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இனி கொஞ்சம் அறிவியல்.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966ல், இளவயதினர் "நான் யார், என்ன ஆகப் போறேன்" என்ற கேள்விக்கு வரும் வழிகளை நாலா பிரித்தார். அதில் ஒன்று: தேடிப் பார்க்காமலே, பெரியவர்கள் கையில் கொடுத்த பதிலை அப்படியே மாட்டிக்கொள்வது. வெளியே இருந்து பார்த்தா இந்தப் பிள்ளைகள் ரொம்பத் தெளிவா இருக்கிற மாதிரி தெரியும். "எங்க பையன் ஆறாம் கிளாஸ்லயே முடிவு பண்ணிட்டான்." முடிவு பண்ணினது யாருங்கறதுதான் கேள்வி.

ஒரு நாள் அந்த ஒரே பாதை அடைபட்டால், மார்க் குறைஞ்சா, சீட் கிடைக்கலன்னா, அந்தப் பிள்ளைக்குப் போறதுக்கு வேற இடமே மனசில் இருக்காது. ஆபத்து அங்கேதான்.

ஆராய்ச்சியாளர்கள் கட்டுப்பாட்டையும் இரண்டா பிரிப்பாங்க. ராத்திரி ஒன்பது மணிக்குள்ள வீட்டுக்கு வா, போனை வெச்சுட்டுத் தூங்கு, எங்கே போறேன்னு சொல்லிட்டுப் போ: இது நடத்தை சார்ந்த கட்டுப்பாடு. பிள்ளைகளுக்குத் தேவை.

இன்னொன்று மனசைப் பிடிக்கும் கட்டுப்பாடு. "நீ இதைப் படிக்கலன்னா அம்மா உயிரோட இருக்க மாட்டேன்." "உனக்காக என் வாழ்க்கையையே தியாகம் பண்ணினேன்." மார்க் குறைஞ்சா மூணு நாள் பேசாம இருக்கிறது. சொந்தக்காரர் முன்னாடி ஒப்பிட்டு அவமானப்படுத்துறது. மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் சேர்ந்து ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது இந்த இரண்டாவது வகைதான்.

டயானா பாம்ரிண்ட் 1960களில் சொன்னதும் இதுக்குப் பக்கத்தில் வரும். பிள்ளைகளிடம் நிறைய எதிர்பார்க்கலாம், கண்டிப்பா இருக்கலாம். கூடவே காரணம் சொல்லணும், பிள்ளை சொல்வதைக் கேட்கணும். "நான் சொல்றேன், நீ செய்" என்று மட்டும் வளர்ந்த பிள்ளைகளைவிட இப்படி வளர்ந்த பிள்ளைகள் தேறி வருகிறார்கள்.

சரி, அடையாறுக்குத் திரும்புவோம். இதே அடையாறில் இதுக்கு நேர்மாறான ஒரு வளர்ப்பின் பலனையும் பார்க்கலாம். கேன்சர் இன்ஸ்டிடியூட்.

அதை 1954ல் தொடங்கியவர் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி. பிறந்தது 1886, புதுக்கோட்டை. அப்பா நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் இசைவேளாளர் மரபில் வந்தவர். பருவம் வந்த பெண்ணை வீட்டோடு நிறுத்தி மணமுடிக்கும் காலம் அது. அம்மாவுக்கும் மகளுக்குச் சீக்கிரம் கல்யாணம் முடிக்கணும் என்ற கவலை. மகளுக்குப் படிக்கணும்.

அப்பா மகள் பக்கம் நின்னார். வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்து மெட்ரிகுலேஷன் எழுத வைத்தார். ஆண்கள் கல்லூரியில் இடம் கேட்டு எதிர்ப்பு வந்தபோது, புதுக்கோட்டை மன்னரே அனுமதி கொடுத்தார். 1907ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. 1912ல் டாக்டர். கிருஷ்ணாவுக்காக அப்பா கோர்ட்டுக்குப் போன அதே வருஷம்.

1914ல் கல்யாணம். அதுவும் அவங்க நிபந்தனையோடு: என்னைச் சமமா நடத்தணும், என் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. டாக்டர் சுந்தர ரெட்டி ஒத்துக்கிட்டார். புற்றுநோயில் தங்கையைப் பறிகொடுத்த துயரம் மனசில் இருந்து, பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு எழுந்ததுதான் அடையாறு மருத்துவமனை.

அந்த அப்பாவுக்கும் மகள் மேல் கனவு இருந்திருக்கும். இல்லாத அப்பா ஏது? மகள் கேட்ட கதவை அவர் தள்ளித் திறந்துவிட்டார்.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம்.

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் உட்காரும் எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார். 17 வயசுப் பையன் வருவான். தலைவலி, வயித்து வலி, தூக்கமில்லை, படபடப்பு. ஸ்கேன் நார்மல், ரத்தம் நார்மல். "எப்போ இருந்து தம்பி வலிக்குது?" என்று அவனைப் பார்த்துத்தான் கேட்போம். பதில் அம்மாகிட்ட இருந்து வரும். "தூக்கம் வருதா?" அதுக்கு அப்பா பதில் சொல்வார். பெத்தவங்களைக் கொஞ்சம் வெளியில் உட்காரச் சொல்லிட்டு மறுபடி கேட்டா, பல நேரம் ஒரு நிமிஷம் மௌனம். அப்புறம் அழுகை.

ரிசல்ட் வாரங்களில் காஷுவால்டிக்கு வரும் பிள்ளைகளைப் பற்றி விரிவா எழுத விரும்பல. தன்னைத் தானே காயப்படுத்திக்கிட்டு வருவாங்க. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பா எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "அவன் நல்லதுக்குத்தான் சார் சொன்னேன்." பொய் சொல்லல அவங்க.

பெற்றோர் பக்கமும் புரியுது. கடன் வாங்கிப் படிக்க வைக்கிறோம். ஒரு டாக்டர், ஒரு இன்ஜினியர், ஒரு கவர்மென்ட் வேலை வந்தா குடும்பமே கரையேறும். மூணு தலைமுறை கஷ்டத்தின் பயம் அது. நாராயணய்யாவை ஆக்ஸ்போர்டுக்காகக் கையெழுத்துப் போட வெச்சதும் அதே பயம்தான். அந்தப் பயத்தை மொத்தமா பிள்ளை தலையில் இறக்கி வைக்காதீங்கன்னுதான் கேட்கிறேன்.

செய்யக்கூடியது சில விஷயங்கள்:

1. "நீ என்ன படிக்க ஆசைப்படறே, ஏன்?" கேட்டுட்டு, பதில் வரும் வரை வாயை மூடிட்டு இருங்க. முதல் பதில் "தெரியல" என்று வரும். பரவாயில்ல. ஒரு வாரம் கழிச்சு மறுபடி கேளுங்க.

2. வீட்டு நிலவரத்தை ஒளிக்காமச் சொல்லுங்க. இவ்வளவுதான் பணம், இந்தக் காலேஜ் முடியும், அது முடியாது. எல்லை சொல்றது தப்பே இல்லை. எல்லைக்குள்ள தேர்வு பிள்ளையோடதா இருக்கட்டும்.

3. பாசத்தை மார்க்கோட முடிச்சுப் போடாதீங்க. ரிசல்ட் வந்த அன்னைக்கு ராத்திரி சாப்பாடு எப்பவும் போல எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்க. சின்ன விஷயமாத் தெரியும். பிள்ளைக்கு அது பெரிய செய்தி.

4. 17 வயசில் எடுத்த முடிவு தப்பாப் போனா மாத்திக்கலாம்னு சொல்லி வைங்க. ஒரு வருஷம் போச்சுன்னா ஒரு வருஷம்தான் போச்சு.

5. தூக்கம் கெடுறது, சாப்பாடு குறையறது, நண்பர்களை விட்டு ஒதுங்கறது, பிடிச்ச பொருளை எல்லாம் மத்தவங்களுக்குக் கொடுக்கிறது, "நான் இல்லன்னா நல்லாருக்கும்" என்ற பேச்சு. இதில் எதையும் நடிப்புன்னு தள்ளாதீங்க. பக்கத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. 104க்கு போன் பண்ணலாம். டெலி மானஸ் 14416 எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். இரண்டும் இலவசம்.

இதைப் படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு: இந்த நம்பர் உங்களுக்கும்தான். வீட்டில் பேச முடியலன்னா அத்தை, மாமா, டீச்சர், டாக்டர், யாராவது ஒரு பெரியவர்கிட்ட வாய் விட்டுச் சொல்லுங்க. உங்களுக்காகப் பேச ஒருத்தர் இருந்தா வீட்டு கோர்ட்டில் தீர்ப்பு மாறும்.

ஜே.கே. பிறகு ஐம்பது வருஷத்துக்கு மேல் உலகம் சுற்றிப் பேசினார். பள்ளிகள் தொடங்கினார். பிறந்த ஊர் மதனப்பள்ளி பக்கம் ரிஷி வேலி, சென்னையில் 1973ல் தொடங்கிய "தி ஸ்கூல்". பயமும் ஒப்பீடும் இல்லாம ஒரு குழந்தை படிக்க முடியுமான்னு கடைசிவரை கேட்டுட்டே இருந்தார். பிரம்படி வாங்கின பையன் அந்தக் கேள்வியைத்தான் கேட்பான்.

1986 ஜனவரியில், 90 வயசில், அடையாறு கடற்கரையில் கடைசியா ஒரு தடவை நடந்துட்டு விமானம் ஏறினார். கணையப் புற்றுநோய். அடுத்த மாதம் 17ஆம் தேதி, தம்பி இறந்த அதே ஓஹாயில் காலமானார்.

அந்த 1910 கடிதத்தில் அப்பா கையெழுத்து இருக்கு. கோர்ட் கட்டுகளில் வக்கீல்கள் கையெழுத்து, நீதிபதிகள் கையெழுத்து எல்லாம் இருக்கு. இந்த மாதம் நம்ம வீடுகளில் எத்தனையோ விண்ணப்பங்கள் நிரப்பப் போறோம். "பெற்றோர் கையொப்பம்" என்ற இடத்தில் பேனா வைக்கிறதுக்கு முன்னாடி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் ஒரு தடவை கேட்டுடுங்க.

பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குப் பகிருங்க.